பெயர்ப்பலகை இல்லாத சிறு மேடுகள்: கேரித் தீவிலிருந்து ஒரு கேள்வி

தீபாவளிக்கு ஓரிரு வாரம் இருக்கும்போதே கிள்ளான், பந்திங் வட்டார இந்து இடுகாடுகளில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். ஒருவர் கையில் பாராங், இன்னொருவர் கையில் சுண்ணாம்பு வாளி. பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார்கள். தாத்தா கல்லறை, பாட்டி கல்லறை, போன வருடம் காலமான பெரியப்பா கல்லறை என்று ஒவ்வொன்றாகப் புல் செதுக்கி, கழுவி, மாலை சாத்தி, அவரவருக்குப் பிடித்த பலகாரமோ சுருட்டோ வைத்துப் படைத்துவிட்டுத் திரும்புவார்கள்.

இந்த வரிசையில் பெரும்பாலும் இடம்பெறாத ஒருவர் பல குடும்பங்களில் உண்டு. மூன்று வயதிலோ ஐந்து வயதிலோ நோயில் கிடந்து இறந்துபோன பிள்ளை.

அந்தப் பிள்ளையைப் புதைத்த இடம் பெரும்பாலும் பட்டணத்து இடுகாட்டில் இல்லை. அது தோட்டத்தில் இருக்கிறது. கல் கிடையாது, பெயர் கிடையாது. புதைத்த அன்று ஒரு சிறு மேடு; இரண்டு மழைக்காலம் போனால் அதுவும் தரையோடு தரை. எந்த மரத்துக்குப் பக்கத்தில் என்று அம்மாவுக்குத் தெரியும், ஒருவேளை தாய்மாமாவுக்குத் தெரியும். அவர்களுக்குப் பிறகு யாருக்கும் தெரியாது.

கேரித் தீவைப் பற்றி இன்று பேச்சு எழுந்தால் அது துறைமுகத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. கிள்ளானின் வடதுறைமுகம், மேற்குத் துறைமுகம் ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவது துறைமுகம் இந்தத் தீவில் வரவேண்டும் என்ற திட்டம் 2017 முதலே பேசப்படுகிறது. சரக்குப் பெட்டிகளின் எண்ணிக்கை, நிலத்தின் விலை, கிடைக்கக்கூடிய வேலை என்று கணக்குகள் நிறைய வருகின்றன. அந்தக் கணக்குகளில் வராத ஒன்றைப் பற்றியது இந்தக் கட்டுரை. தோட்ட மண்ணில் கிடக்கும் பிள்ளைகளை யார் நினைத்திருக்கிறார்கள், எப்படி நினைத்திருக்கிறார்கள், அந்த முறை இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதே கேள்வி.

துரையின் பெயர் தாங்கிய தீவு

கோல லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆறு நிலத்திலிருந்து பிரித்து வைத்திருக்கும் தீவு இது. தெலுக் பங்லிமா காராங் பக்கமிருந்து பாலம் ஏறினால் தீவுக்குள் வந்துவிடலாம். முன்பு பூலாவ் சி ஆலாங் என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தோட்டம் போட்ட வாலன்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் துரையின் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. துரைகள் போய், கம்பெனிகள் மாறி, கோல்டன் ஹோப் 2007-இல் சைம் டார்பியோடு இணைந்து, அதன் தோட்ட நிறுவனம் 2024-இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது வரை எவ்வளவோ நடந்துவிட்டன. துரையின் பெயர் மட்டும் வரைபடத்தில் அப்படியே இருக்கிறது. அந்தத் துரையின் நிலத்தில் வாய்க்கால் வெட்டிக் கரை கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பலகைகூட இல்லை என்பது அந்தப் பெயரைப் படிக்கும்போது உறுத்தாமல் இருப்பதில்லை.

இது தோட்ட நிர்வாகத்தை மட்டும் குறைசொல்லி முடிக்கக்கூடிய விஷயமில்லை. பலகை வைக்காதது முதலில் நம் வழக்கம்.

சிறு பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் நம்மவரிடையே பெரும்பான்மை வழக்கம். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் கருமாதி இல்லை, பதினாறாம் நாள் காரியம் இல்லை, வருடாவருடம் திதி இல்லை. இதற்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. பாவ புண்ணியம் அறியாத உயிர் அது. அதைக் கரையேற்றச் சடங்கு தேவையில்லை, தானே போய்ச் சேர்ந்துவிடும். அம்மை கண்டு இறந்த பிள்ளை என்றால் இன்னும் ஒரு படி மேல். அம்மனே எடுத்துக்கொண்டாள் என்பார்கள், அதற்குமேல் கேள்வி இல்லை.

தமிழ் படித்தவர்கள் பெருமையோடு நடுகல்லைப் பற்றிப் பேசுவார்கள். அது போரில் விழுந்த வீரனுக்கு. புறநானூற்றின் 74ஆம் பாட்டு இறந்த குழந்தையைப் பற்றியும் பேசுகிறது. ஆனால் அது சொல்வது, மறக்குடியில் குழந்தை இறந்தாலும் அதை வாளால் வெட்டியே புதைத்தார்கள் என்பதை. குலத்தின் வீரத்துக்காகச் செய்தது அது, பிள்ளையின் நினைவுக்காக அல்ல. ஆக, பிள்ளைக்குக் கல் நடாத பழக்கம் கப்பல் ஏறி மலாயா வந்தபோது புதிதாகத் தொடங்கியதில்லை.

குப்பனும் பிச்சையும் சொல்வது

அப்படியானால் இறந்த பிள்ளையைத் தமிழர் மறந்துவிட்டார்களா? இல்லை. நினைவை வேறோர் இடத்தில் வைத்தார்கள்.

தோட்டத்துப் பழைய பெயர்களை ஒருமுறை யோசித்துப் பார்த்தால் போதும். குப்பன், குப்பம்மா, பிச்சை, பிச்சையம்மா, மூக்கன், தவிட்டம்மா. இன்றைய தலைமுறை இந்தப் பெயர்களைக் கேட்டால் சிரிக்கும். சாதியின் காரணமாக வைத்த பெயர், படிப்பறிவு இல்லாததால் வைத்த பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு. பல வீடுகளில் காரணம் வேறு.

முதல் பிள்ளை இறந்து, இரண்டாவதும் இறந்து, மூன்றாவது பிறந்ததும் அதைக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துக் 'குப்பன்' என்று பெயர் வைத்தார்கள். எமனுக்கு இது பெரிய பொருளாகத் தெரியக்கூடாது. பக்கத்து வீட்டம்மாவிடம் பிள்ளையைக் கொடுத்து, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினால் அது 'தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை'. சாமியிடம் மடிப்பிச்சை கேட்டுப் பெற்றது 'பிச்சை'. ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்தி 'மூக்கன்' என்று பெயரிட்டதும் இதே பயத்தில்தான்.

அதாவது ஒரு குப்பன் உயிரோடு நடமாடுகிறான் என்றால் அவனுக்கு முன் ஒரு பிள்ளையோ இரண்டு பிள்ளைகளோ மண்ணில் இருக்கின்றன என்று பொருள். கேரித் தீவானாலும் கிள்ளான் வட்டாரத்து வேறு தோட்டமானாலும், பெரட்டில் கிராணி ஐயா "குப்பன்!" என்று கூப்பிட்டபோதெல்லாம், கூப்பிடுகிறவருக்கே தெரியாமல் அந்தப் பெயர் இல்லாத பிள்ளைகளின் நினைவும் சேர்ந்து எழுந்தது. லயத்தில் அத்தனை பேருக்கும் அது புரிந்தது. அதனால்தான் யாரும் தனியாக எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. லயத்தின் மௌனம் பகிர்ந்துகொண்ட மௌனம். மலாயா சுதந்திரம் பெற்ற 1957-இல், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 75 முதல் பிறந்தநாளைக் காணாமலேயே இறந்தன. பதின்மூன்று பிள்ளைக்கு ஒன்று. அது நாடு முழுவதற்குமான சராசரி. அதற்கும் முப்பது நாற்பது வருடம் முந்திய தோட்டத்தில் நிலைமை இதைவிட மோசம். ஒரு லயத்தில் இருபது வீடு என்றால் பிள்ளையைப் பறிகொடுக்காத வீட்டைத் தேடவேண்டும். "போனது போச்சு, இருக்கிறதைப் பாரு" என்று ஒரு பாட்டி சொன்னால், அது பறிகொடுத்த ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னது. அந்த வார்த்தைக்கு ஒரு கனம் இருந்தது.

எண்ணினார்கள், பெயர் எழுதவில்லை

பிள்ளைகள் எதனால் இறந்தார்கள் என்பதற்குக் கிள்ளானிலேயே உலகம் அறிந்த ஓர் ஆவணம் உண்டு. மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1901-இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அதே வருடம் செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே வேலையாட்கள் கும்பல் கும்பலாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தை மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போனது. வாட்சன் சதுப்பைத் தூர்த்து, காட்டை வெட்டி, வாய்க்கால் அமைக்கச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலுமாக 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். அடுத்த வருடம் 59. எல்லா நோய்களையும் சேர்த்த மரணம் 582-இலிருந்து 144-ஆக இறங்கியது.

உலக அளவில் மலேரியா ஒழிப்பின் தொடக்க வெற்றிகளில் ஒன்றாக இது பேசப்படுகிறது. வாட்சனுக்குப் பிறகு சர் பட்டமும் கிடைத்தது. அவர் தோட்டங்களுக்கும் போனார். மலேரியா எந்தத் தோட்டத்தில் எவ்வளவு என்று அறிய அவர் கையாண்ட வழி, பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. திரும்பத் திரும்ப மலேரியா வந்த பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். விலா எலும்புக்குக் கீழே கைவைத்தால் தட்டுப்படும். நூறு பிள்ளையில் எத்தனை பேருக்கு வீக்கம் என்பது 'மண்ணீரல் விகிதம்'. தோட்டத்துக்குத் தோட்டம் இந்த விகிதத்தைப் பட்டியல் போட்டார். தாழ்வான கரையோர நிலத்தில் நீர் வடியச் செய்தால் போதும், குன்றுத் தோட்டத்தில் அது போதாது, அங்கே கொசுவின் இனமே வேறு என்ற கண்டுபிடிப்பெல்லாம் இப்படிப் பிள்ளைகளின் வயிற்றிலிருந்து படித்ததுதான்.

அந்தப் பட்டியல்களில் இருப்பவை தோட்டப் பெயர்களும் விழுக்காடுகளும். பிள்ளைகளின் பெயர் இல்லை. வாட்சனைக் குறை சொல்ல இடமில்லை. அவர் எண்ணியதால்தான் அடுத்து வந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனாலும் ஓர் உண்மை கண்ணில் படாமல் போகாது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுத்தில் எஞ்சியிருப்பது அவர்களின் நோய் மட்டுமே.

தோட்டத்தில் நடந்த பல மரணங்களை மருத்துவர் பார்த்ததில்லை. டிரசர் பார்த்திருப்பார், அல்லது அவரும் பார்த்திருக்கமாட்டார். போலீஸ் ஸ்டேசனில் போய்ச் சொன்னால் புதைக்க பர்மிட் கிடைக்கும். காரணம் என்ற இடத்தில் 'காய்ச்சல்' அல்லது 'வலிப்பு'. இந்த இரண்டு சொல்லுக்குள் மலேரியா, நிமோனியா, தொண்டை அடைப்பான், வயிற்றுப்போக்கு, மூளைக்காய்ச்சல் எல்லாம் அடங்கிவிடும்.

பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2019 ஜூன் மாதம் கிளந்தான் குவா மூசாங்கில் உள்ள கோல கோ என்ற பூர்வகுடிக் கிராமத்தில் பாத்தேக் இன மக்கள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபின்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. முதலில் சுரங்கத்தால் தண்ணீர் கெட்டது என்ற சந்தேகம் எழுந்தது. ஜூன் 17-ஆம் தேதி, தட்டம்மை என்று சுகாதார அமைச்சு உறுதிப்படுத்தியது. இறந்தவர்களில் சிலரைக் காட்டிலேயே அடக்கம் செய்திருந்தார்கள். எத்தனை பேர், எந்த வயது, எதனால் என்பதை நிறுவ போலீஸ் காட்டுக்குள் உடல்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வசதி மிக்க மருத்துவமனைகள் உள்ள நாட்டில், தடுப்பூசி இருக்கும் நோய்க்கு இப்படி நடந்தது. பதிவேட்டில் ஏறாத மரணம் நடக்காத மரணமாகவே அரசாங்கத்துக்குத் தெரிகிறது.

கேரித் தீவிலும் பூர்வகுடியினர் இருக்கிறார்கள். மா மெரி மக்கள், மரமுகமூடி செதுக்கும் கலையால் உலகம் அறிந்தவர்கள். அவர்கள் ஆண்டுதோறும் 'ஹரி மோயாங்' என்று முன்னோருக்கு ஒரு நாள் எடுத்து விழா செய்கிறார்கள். ஒரே தீவில் ஒரு நூற்றாண்டாக அக்கம்பக்கமாக வாழ்ந்தும், அவர்கள் தம் முன்னோரை நினைக்கும் விதத்தைத் தோட்டத் தமிழர் அதிகம் அறிந்துகொண்டதில்லை.

டிராயரில் கிடந்த நோட்டுப் புத்தகம்

மௌனம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. ரோல் டால் என்ற ஆங்கில எழுத்தாளரின் பெயர் தமிழ்ப்பள்ளி மாணவருக்கும் தெரிந்திருக்கும். சாக்லேட் தொழிற்சாலைக் கதையை எழுதியவர். அவருடைய மூத்த மகள் ஒலிவியா 1962 நவம்பரில் தட்டம்மை முற்றி மூளை வீக்கம் கண்டு இறந்தாள். வயது ஏழு. அடுத்த வருடமே அமெரிக்காவில் தட்டம்மைத் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கும்.

கதை சொல்லியே பிழைத்த அந்த மனிதர் மகளைப் பற்றி வீட்டில் பேசவே இல்லை. மனைவியால்கூட அவரைப் பேசவைக்க முடியவில்லை. 1990-இல் அவர் இறந்தபின் டிராயரில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கிடைத்தது. ஒலிவியாவின் கடைசி நாட்களில் நடந்ததை அதில் எழுதி வைத்திருந்தார், யாருக்கும் காட்டாமல். ஆனால் 1980களில் அவர் இன்னொன்றும் செய்தார். 1982-இல் வந்த ஒரு சிறுவர் நாவலை மகளுக்குக் காணிக்கையாக்கினார். பிறகு பெற்றோர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். என் மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், தேறி வருகிறாள் என்று நினைத்தோம், சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது, அன்று ஊசி இல்லை, இன்று இருக்கிறது, போடுங்கள் என்பது அதன் சாரம். தடுப்பூசிக்கு எதிராக வதந்தி கிளம்பும் போதெல்லாம் இன்றும் அந்தக் கடிதத்தை யாராவது எடுத்துப் பகிர்கிறார்கள்.

நோட்டுப் புத்தகமும் கடிதமும் ஒரே துயரத்தின் இரண்டு முகம். முதலாவது அவருக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. இரண்டாவது வெளியே வந்தது, ஊரார் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. அதற்கு அவருக்கு இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பின்னாலும் இப்படி ஒரு மரணம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தங்கை சிறு பிள்ளை இல்லைதான். ஆனால் அந்தச் சாவை மறக்க மறுத்ததன் விளைவாக 1954-இல் பன்னிரண்டு படுக்கையோடு எழுந்த மருத்துவமனைதான் அது.

மலேசியாவுக்குத் தட்டம்மை ஊசி 1980களில் வந்தது. அதற்கு முன்னரே கக்குவான், தொண்டை அடைப்பான் ஊசி, போலியோ மருந்து எல்லாம் வந்துவிட்டன. இன்று ஒன்பது மாதத்திலும் பன்னிரண்டு மாதத்திலும் அரசாங்கக் கிளினிக்கில் தட்டம்மைக்கான ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். 'வலிப்பு' என்று பர்மிட்டில் எழுதி முடித்த காலம் போனது இப்படித்தான். இருந்தும் 2016-இல் இந்த நாட்டில் ஊசி போடாத பிள்ளைகள் தொண்டை அடைப்பானில் இறந்தார்கள். பார்த்துப் பயப்படப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சாவு இல்லாத காலத்தில், ஊசியைத் தள்ளிப்போடுவது எளிதாகிவிடுகிறது.

இன்றைய வீடு, இன்றைய மௌனம்

இன்று மலேசியாவில் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை ஏழு என்ற அளவில் இருக்கின்றன. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. லயத்தில் இருபது வீட்டிலும் நடந்தது, தாமானில் இருநூறு வீட்டில் ஒரு வீட்டில் நடக்கிறது. அந்த ஒரு வீட்டுக்குத் துணை இல்லை.

நோயும் மாறிவிட்டது. மூன்று நாள் காய்ச்சலில் முடிந்த கதை இப்போது இரண்டு மூன்று வருடம் நீள்கிறது. பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் பெரும்பாலான வகைக்கு இன்று நல்ல சிகிச்சை உண்டு. மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய 'மா-ஸ்போர்' சிகிச்சைத் திட்டத்தில் ஐந்தில் நான்கு பிள்ளைகள் நோய் திரும்பாமல் பிழைத்தார்கள். உலகத்தின் நல்ல மருத்துவமனைகளுக்கு இணையான கணக்கு அது. ஐந்தாவது பிள்ளையின் வீடும் எங்கோ இருக்கிறது.

தீவிலோ பந்திங்கிலோ உள்ள ஒரு குடும்பத்துக்கு இந்தச் சிகிச்சை என்பது கிள்ளான் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கும், அங்கிருந்து கோலாலம்பூருக்கும் மாதக்கணக்கில் அலைவது. அப்பா லீவு எடுத்து எடுத்து வேலை போகும். அம்மா வார்டிலேயே குடியிருப்பார். மற்றப் பிள்ளைகள் பாட்டி வீட்டில். இத்தனையும் கடந்து பிள்ளை போய்விட்டால், இரண்டாம் நாளே உறவினர் அம்மாவிடம் சொல்வது பழைய லயத்து வார்த்தைதான்: "போனது போச்சு, இருக்கிறதைப் பாரு." சொல்லும் சித்தியோ அத்தையோ பிள்ளையைப் பறிகொடுத்தவர் இல்லை. வார்த்தை அதேதான், கனம் இல்லை. பிள்ளையின் துணிமணிகளை யாரோ மூட்டை கட்டி எடுத்துப் போவார்கள். படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிடுவார்கள். அம்மா அழக்கூடாது என்பதற்காக அந்தப் பெயரையே வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. எல்லாம் அன்பால் செய்வதுதான். ஆனால் அம்மாவுக்கு அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பெரியவர் இறந்தால் தமிழ் நாளிதழில் கண்ணீர் அஞ்சலி வரும், முதலாமாண்டு நினைவஞ்சலி வரும். பதினாறாம் நாள் சாப்பாட்டில் நாலு பேர் நாலு கதை சொல்வார்கள். சடங்கின் பெரிய பயனே அதுதான். பேசுவதற்கு அது ஒரு நாளைக் குறித்துக் கொடுக்கிறது. பிள்ளையின் மரணத்துக்கு அப்படி ஒரு நாளே இல்லை என்பதுதான் இன்றைய குறை. கரையேற்றச் சடங்கு பிள்ளைக்கு வேண்டாமல் இருக்கலாம். பெற்றவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

மருத்துவ உலகம் இதைப் புரிந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறது. 1991-இல் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா கிள்ளான் பள்ளத்தாக்கில் தீராத நோயாளிகளை வீடு தேடிப் போய்க் கட்டணமின்றிப் பராமரிக்கிறது. அவர்களில் பிள்ளைகளும் அடக்கம். சுகாதார அமைச்சு 2019 முதல் 2030 வரைக்குமான தேசிய வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. பறிகொடுத்த குடும்பத்தைத் தேற்றுவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பது இந்தத் துறையின் அடிப்படை. ஆனால் 'ஹோஸ்பிஸ்' என்றாலே 'டாக்டர் கைவிட்டுவிட்டார்' என்று நம்மவர் எடுத்துக்கொள்வதால், கூப்பிடவேண்டிய நேரத்தில் கூப்பிடுவதில்லை. இந்தப் பயத்தைப் போக்கக் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் செய்யக்கூடியது நிறைய உண்டு. இதுவரை செய்தது குறைவு.

மண் கைமாறும் முன்

மீண்டும் தீவுக்கு வரலாம். தோட்டத்தில் இப்போது வேலை செய்வோரில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். பழைய குடும்பங்கள் தெலுக் பங்லிமா காராங், பந்திங், கிள்ளான் என்று சிதறிவிட்டன. லயத்து மௌனத்தைத் தாங்கிய லயமும் இல்லை, குப்பன் என்ற பெயரும் இல்லை. எஞ்சியிருப்பது மண். துறைமுகமோ தொழிற்பேட்டையோ வீடமைப்போ, எது வந்தாலும் முதலில் மாறுவது அதுதான்.

தோட்டம் கைமாறும்போது நம் சமூகம் கோயிலுக்காகக் குரல் கொடுக்கிறது, பள்ளிக்காகக் கொடுக்கிறது. கொடுக்கத்தான் வேண்டும். இடுகாடு என்றால் கல்லறை உள்ள பகுதிக்காவது யாராவது பேசுவார்கள். பெயர் இல்லாத பிள்ளைகளைப் புதைத்த ஓரத்துக்காகப் பேச ஆள் இருக்காது. அங்கே ஏதோ இருக்கிறது என்று காட்ட ஒரு கல்கூட இல்லையே. வளர்ச்சியை நிறுத்து என்று சொல்ல இது காரணமாகாது. ஆனால் மண்வாரி இயந்திரம் வந்தபிறகு பேச எதுவும் இருக்காது.

செய்யக்கூடியது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. எழுபது எண்பது வயதுத் தோட்டத்துப் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பக்கம், எந்த வாய்க்காலுக்கு அப்பால் என்று அவர்களால் சொல்ல முடியும். கோயில் நிர்வாகமோ முன்னாள் மாணவர் சங்கமோ அவர்களை ஒருமுறை வேனில் அழைத்துப்போய் இடத்தைக் கேட்டுப் படம் எடுத்து, கைத்தொலைபேசியில் இடக்குறியைப் பதிந்து வைக்கலாம். நில உரிமையாளரிடமும் மாவட்ட அலுவலகத்திலும் அதை எழுத்தில் கொடுத்துவைத்தால் நாளை பேச ஓர் ஆதாரம் இருக்கும். எல்லா மேடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கல் நடலாம்.

1957ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான மரணம் என்றால், நெருங்கிய உறவினர் தேசியப் பதிவிலாகாவில் அந்தப் பதிவின் நகலைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். தெரிந்த விவரத்தை எல்லாம் எழுதிக்கொண்டு போவது நல்லது: பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், தோட்டம், இறந்த வருடம் உத்தேசமாக. இதுவரை அப்படித் தேடிப் போனவர்கள் அதிகம் இல்லை. சொத்தும் இன்சூரன்சும் இல்லாத மரணத்துக்குச் சான்றிதழ் எதற்கு என்ற எண்ணம்தான் காரணம்.

பதிவே இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தோட்டத்துக் கோயில்களில் வரிப்பணம் எழுதும் நோட்டு இருக்கிறது, உபயக்காரர் பெயர் எழுதும் நோட்டு இருக்கிறது. இன்னொன்றைச் சேர்த்து, தீபாவளிக்கு முன் கல்லறைக்கு வரும் குடும்பங்களிடம் கேட்டு எழுதலாம். பெயர், வயது, வருடம், என்ன நோய், எங்கே புதைத்தது. பெயர் வைப்பதற்கு முன்பே போன பிள்ளை என்றால் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அம்மாவைக் கேட்டால் சொல்வார்.